கெபி நிதி பற்றி முடிவு செய்யும் முன், நம் பங்கின் இந்த ஒரு வருஷம்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம். மாதாவுக்குக் கெபி (குகை வடிவச் சிறு ஆலயம்) கட்ட, வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் சங்கத்திலிருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று ஓடிக்கொண்டிருக்கும் மடல்கள் அத்தனையையும் படித்தேன். வளைகுடாவில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆளுக்கொரு வரைபடம் வந்திருக்கிறது. ஊர்மேல் உள்ள பாசத்தில் அனுப்பியவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பணம் எதற்கு என்று முடிவெடுக்கும் முன், பங்கு, அதாவது நம் கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும், ஒரு வருஷம் முழுக்க என்ன செய்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிழாவுக்கு லீவில் வருகிறவர்களுக்குக் கொடியேற்றம் தெரியும், சப்பரம் தெரியும், மீதி மாதங்கள் தெரிய வழியில்லை. வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டதாலும் பங்குப் பேரவையில் இருப்பதாலும் எனக்கு அது தினமும் கண்ணில் படுகிறது. அதனால் திருச்சபை வருஷம் தொடங்கிய 2024 டிசம்பர் 1 திருவருகைக்காலம் முதல் ஞாயிறு முதல், அதன் கடைசி ஞாயிறான 2025 நவம்பர் 23 கிறிஸ்து அரசர் பெருவிழா வரை நடந்ததை எழுதுகிறேன். திருவிழாவை விட்டுவிடுகிறேன், அதைத்தான் எல்லாரும் வீடியோவில் பார்த்தாயிற்றே.

டிசம்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடில் போட்டோம், பாடகர் குழு தெருத்தெருவாகப் போனது, நள்ளிரவுப் பூசைக்குக் கோவில் கொள்ளாத கூட்டம். மனதில் நின்றது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி வந்து 20 வருஷம் நிறைந்த நாள் அது. இலங்கை மறைத்துக் கிடந்ததால் நம் கரை பெரிய சேதமில்லாமல் தப்பியது, ஆனால் குளச்சலிலும் மணக்குடியிலும் பெண் கொடுத்த, பெண் எடுத்த வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. காலையில் கடற்கரையிலேயே திருப்பலி வைத்து, அந்தந்த வீட்டார் தங்கள் இறந்தவர்கள் பெயரைத் தாங்களே வந்து வாசித்தார்கள். ஜனவரி 14இல் பொங்கலும் புனித தேவசகாயம் திருநாளும் ஒன்றாக வந்தன. 2022 மே 15இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததிலிருந்து அந்த நாளுக்கு நம் பக்கத்தில் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

ஈஸ்டர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறு வேண்டுமானாலும் வரும். இந்த வருஷம் ஏப்ரல் 20. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது, அது புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அதனால் துறைமுகத்துப் படகுகளில் கூலிக்குப் போகிற நம் பையன்கள் எல்லாரும் பெரிய வியாழனுக்கு முன்னாலேயே ஊரில் இருந்தார்கள். ஈஸ்டர் சீக்கிரம் வருகிற வருஷங்களில் பெரிய வியாழன் இரவு நற்கருணை முன்னால் பெண்களும் கிழவர்களும்தான் விழித்திருப்பார்கள், இந்த முறை நடு இரவு வரைக்கும் வாலிபர் கூட்டம் தரையில் முழங்காலில் இருந்ததைப் பார்த்தேன். பாதம் கழுவும் சடங்கில் மீன் விற்கும் பெண்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். முன்பு ஆண்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது, 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் வழி திறந்துவிட்டார். ஈஸ்டருக்கு மறுநாள் மதியம் அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. துக்க மணி அடித்ததும், ஊரில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் கோவிலுக்கு ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சொந்த வீட்டுச் சாவைக் கேட்ட மாதிரி பாதம் கழுவ உட்கார்ந்த அந்தப் பெண்களில் ஒருவர் படியில் உட்கார்ந்து அழுதார்.

புனித வாரத்தில்தான் ஆயர் மந்திரித்த எண்ணெய்கள் மறைமாவட்டப் பேராலயத்திலிருந்து வந்தன. ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, கிறிஸ்மா தைலம் ஒன்று, மூன்றும் சின்னச் சின்னப் புட்டிகள். ஊரில் அடுத்த ஒரு வருஷத்தில் பிறக்கிற பிள்ளைக்கும் அதிலிருந்துதான், அவஸ்தைப்படுகிறவருக்கும் அதிலிருந்துதான்.

மே மாதம், பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்பு. அந்த மாதம் கல்யாணங்களும் அதிகம், அதனால் பூசையில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிற ஞாயிறுகள் நீளும். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்களில் பலருக்கு இது தெரியாது. நம் கோவில் ஞானஸ்நான ஏட்டை விரித்தால் பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தகப்பன், கொடுத்த சாமியார் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், பழைய ஏடுகளில் எல்லாம் லத்தீன். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், கல்யாணம் எல்லாம் அந்த ஓரத்தில் ஏறும். நீங்கள் ஜெர்மனியில் ஒரு கோவிலில் தாலி கட்டினாலும், அந்தக் கோவில் நம் கோவிலுக்கு எழுத வேண்டும், இங்கே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது பதிவாக வேண்டும். திருச்சபைச் சட்டம் அது. இந்த வருஷமும் அப்படி வெளிநாட்டுத் தபால்கள் வந்தன, உபதேசியார் ஏட்டைத் தேடி எடுத்துக் கொடுக்க, ஃபாதர் கையால் எழுதினார். ஆக, ஊரைவிட்டுப் போனாலும் நம் பங்கின் ஏட்டில் உங்கள் கணக்கு மூடப்படுவதே இல்லை.

ஜூனில் பங்குத்தந்தை மாற்றல். பழைய ஃபாதரை அனுப்பிவைக்க எத்தனை வண்டி போயிற்று என்று படங்கள் குழுவில் வந்தன. புது ஃபாதர் வந்த அன்றே பேரவையில் கேட்ட முதல் கேள்வி, வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நோயாளிகள் எத்தனை பேர், எந்தெந்தத் தெரு என்பது. பங்குத்தந்தை வீடுகளைச் சந்திக்க வேண்டும், ஏழைகளையும் நோயாளிகளையும் தனித்திருப்பவர்களையும் சொந்த நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களையும் தேடிப்போக வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 529ஆம் எண் சொல்கிறது. இவர் அதை மனதில் வைத்துத்தான் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டார், அது போதும்.

அப்புறம் ஜூனிலிருந்து நவம்பர் வரை, திருவழிபாட்டு அட்டவணையில் பொதுக்காலம் என்று போட்டிருக்கும் சாமியார் பச்சை உடுப்பில் பூசை வைக்கும் அந்த நீண்ட மாதங்கள். வெளியூர்க்காரர் யாரும் வராத காலம். பங்கு உண்மையில் நடப்பது இப்போதுதான் என்று நான் நினைக்கிறேன். அன்பியம் என்கிற, பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு ஜெபக் குழுவின் கூட்டம் ஒவ்வொரு தெருவிலும் சாயங்காலம் நடக்கும், வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு பல்பு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மீதிப் பேர் பாயில். முதலில் வாசகம், பகிர்வு. ஜெபம் முடிந்ததும்தான் முக்கியமான பேச்சு வரும், இன்னார் வீட்டில் நாலு நாளாக அடுப்பு எரியவில்லை, இன்னார் மகன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான், வலை போன வள்ளக்காரருக்கு வட்டிக்காரர் தொந்தரவு. அங்கே பேசினதுதான் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குப் போகும். அவர்கள் அரிசியாகவோ மருந்தாகவோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள், யாருக்கு என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

முதல் வெள்ளிகளில் ஃபாதர் நற்கருணையோடு நோயாளிகள் வீட்டுக்குப் போவார், மரியாயின் சேனைப் பெண்கள் முன்னால் போய் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பார்கள். இந்த வருஷம் சில தடவை நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் விடிந்ததிலிருந்து தலை சீவி, பொட்டலம் போட்டு வைத்திருந்த நல்ல சேலையை உடுத்திக் காத்திருந்தார். நற்கருணை வாங்கியபின் அவர் ஃபாதரிடம் கேட்டது ஒரே விஷயம்தான்: செல்போனில் பிள்ளைகள் முகம் தெரிகிறது, ஆனால் பேசுவது காதில் விழவில்லை, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இனி யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சத்தமாகச் சொல்வார்களா? அந்தப் பிள்ளைகள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். குறையாக எழுதவில்லை, பிழைப்புக்குப் போனவர்கள் நீங்கள், நானும் போனவன்தான். இப்போது மறைக்கல்வி பயிலும் பெரிய பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு ஞாயிறு மாலைகளில் அந்த மாதிரி வீடுகளுக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் நம் கரையில் இன்னும் இருப்பதால் பையன்களும் சேர்ந்து போக முடிகிறது.

ஆனால் பிள்ளைகளால் ஆகாத வேலை நிறைய இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்க வாட்டர் பெட் வேண்டும். பங்கில் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு வீட்டில் ஆள் இறந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அடக்கம் முடிந்த மறுநாளே போய் அதைக் கேட்பதற்கு சபைக்காரர்கள் படுகிற கூச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீல்சேருக்கும் அதே கதை. இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைக்கும், கூடப் போக ஆள் கிடைக்கும், புண்ணைத் துடைத்து மருந்து கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. நர்சிங் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், மாதச் சம்பளம் கொடுத்தால் வருவார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தோம். ஃபாதர் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது பாதிக் கல்லறைகளின் முன்னால் யாராவது ஒருவர் வீடியோ காலில் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உங்களுக்காகத்தான். கவனிக்க ஆள் இல்லாத கல்லறைகளை அந்தந்த அன்பியத்தார் எடுத்துச் செய்தார்கள்.

சரி, இப்போது பணம். கெபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதாவுக்குக் கெபி கட்டினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சேர்ந்த தொகையில் பாதியைக் கெபிக்கு வைத்து, மீதிப் பாதியை நோயாளிகள் பணிக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். வாட்டர் பெட், வீல்சேர், ஒரு நர்ஸுக்குச் சம்பளம். கெபி ஒரு தடவை கட்டினால் முடிந்தது, சம்பளம் மாதாமாதம் வேண்டும், அதனால் திருவிழா நேரத்தில் மொத்தமாக அனுப்புவதைவிடச் சின்னத் தொகையாக மாதந்தோறும் அனுப்ப முடிகிறவர்கள் பெயர் கொடுங்கள். கணக்கு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. நிதிக்குழு அதை எழுதி இந்தக் குழுவிலேயே போடும் என்று பேரவையில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அனுப்பும் முறையில் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கணக்கில் வராது. கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று குடியுரிமை மாறியவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நிதி. 2010ஆம் வருஷத்து எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டும்தான் அதை வாங்க முடியும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். எனவே குடியுரிமை மாறியவர்கள் தயவுசெய்து பங்குக் கணக்கில் நேரே போட்டுவிடாதீர்கள், ஊரில் உள்ள தம்பி கணக்கில் போட்டு மாற்றிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், நாளைக்கு அவனும் ஃபாதரும் பதில் சொல்ல வேண்டி வரும். மறைமாவட்டத்தின் வழியாக எப்படிச் செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறேன்.

பேரவைக் கூட்டம் ஜனவரி இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்ததும். அதற்கு முன் எல்லாரும் சம்மதமா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லை என்றால் ஏன் என்றும் எழுதுங்கள், கூட்டத்தில் அப்படியே வாசிக்கிறேன்.