திரை சேமிப்பான் வேண்டாம், திரைக்காப்பு போதும் (கம்பாட்டிபிளுக்கும் ஒரு சொல்)

வணக்கம். மென்பொருள் தமிழாக்கத்துல ஸ்க்ரீன் சேவருக்கு (கம்ப்யூட்டரக் கொஞ்ச நேரம் தொடாம விட்டா திரையில தானா ஓடற படம்) திரை சேமிப்பானா, ஓய்வுத்திரையா, திரைக்காப்பான்னு பேசிக்கிட்டிருக்கோம்ல, அதப் பத்திதான் இது. போன வாரம் மாமா கம்ப்யூட்டர்ல ஓஎஸ் (அத இயக்கற அடிப்படை மென்பொருள்) அப்கிரேட் பண்ணி முடிச்சுட்டு, அமைப்புகள் பக்கத்தத் தமிழ்ல வச்சுப் பாத்துக்கிட்டே போன் பண்ணினாரு. "ஏம்ப்பா, திரை சேமிப்பான்னு ஒண்ணு இருக்கே, இத ஆன் பண்ணா நான் திரையில பாக்கறதெல்லாம் சேமிச்சு வச்சுக்குமா, டிஸ்க்ல இடம் போதுமா?" அவர் கேட்டதுல தப்பே இல்ல, கோப்பைச் சேமி படத்தைச் சேமின்னு எல்லா மெனுவிலயும் நாமதான எழுதி வச்சிருக்கோம். ஆங்கிலத்துல சேவ்னு ஒரே சொல்லு ரெண்டு வேலைக்கும் ஓடுது, தமிழ்ல சேமிக்கறது வேற, காக்கறது வேற. அதனால திரைக்காப்புங்கறதுதான் என் ஓட்டு.

ஓய்வுத்திரைன்னு வைக்கலாம்னு சொன்னவங்க பக்கமும் நியாயம் இருக்கு, கேக்கவும் நல்லாருக்கு. பழைய குழாய் மானிட்டர்ல ஒரே படம் மணிக்கணக்கா அசையாம நின்னா உள்ள பூசின பாஸ்பர் (ஒளிவிடற பூச்சு) அந்த இடத்துல மட்டும் தேஞ்சு, அணைச்ச பிறகும் நிழல் மாதிரி தடம் தெரியும், அதத் தடுக்கத்தான் இது வந்துச்சு, எல்சிடி திரை வந்ததும் அந்தத் தேவை கொறஞ்சு போச்சு. ஆனா இப்ப வர்ற ஓஎல்இடி திரையில அதே தடம் திரும்ப வந்துருச்சே. அதோட ஓய்வுன்னா மின்சாரம் மிச்சம்னு தோணும், இது ஓடறப்ப திரை எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு, ப்ராசசரும் வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. ஓய்வு ஸ்லீப்புக்குப் போகட்டும். காப்புன்னா கடவுச்சொல் கேட்டுப் பூட்டறதும் அதுக்குள்ளயே அடங்கிடும். பேக்கப்புக்குக் காப்புப்பிரதி இருக்கே, குழம்பாதான்னா குழம்பாது, ரெண்டுலயும் காப்புன்னா பாதுகாக்கறதுங்கற ஒரே பொருள்தான்.

இதவிட எனக்கு முக்கியமாப் படறது கம்பாட்டிபிள் (ஒரு நிரல் இந்த ஓஎஸ்ஸோட சேர்ந்து ஓடும்னு சொல்ற சொல்லு). மாமா வருஷக்கணக்கா வச்சிருந்த கடிகார ஸ்க்ரீன் சேவர் இப்ப ஓடல, தட்டினா "இந்தப் பதிப்புடன் இணக்கமற்றது"ன்னு ஒரு பெட்டி. "யாருக்கும் யாருக்கும் இணக்கமில்ல, பேசிச் சரி பண்ண முடியாதா?"ன்னாரு. இணக்கம் மனுஷங்களுக்குள்ள வர்ற விஷயம், அவர் காதுல அப்படித்தான் விழும்.

உண்மையில நடக்கறது என்னன்னா, விண்டோஸ்ல எஸ்சிஆர்னு முடியற ஸ்க்ரீன் சேவர் கோப்பு வெறும் படமில்ல, உள்ளுக்குள்ள அது முழு நிரல் (அதனாலதான் கண்ட இடத்துலேர்ந்து எறக்கிப் போடக்கூடாது). 16 பிட் (ப்ராசசர் ஒரே நேரத்துல கையாள்ற தகவலோட அளவு) காலத்துல எழுதினது 64 பிட் விண்டோஸ்ல ஓடவே ஓடாது, 32 பிட்டா இருந்தா பெரும்பாலும் ஓடிடும். மேக்ல 2019ல வந்த கேட்டலினாங்கற ஓஎஸ் பதிப்போட 32 பிட் நிரல்களையே நிறுத்திட்டாங்க. லினக்ஸ்ல திரையில ஜன்னல்களக் காட்டற பழைய அமைப்பான எக்ஸ்11ஐ நம்பி எழுதினதெல்லாம் புது அமைப்பான வேலண்டுக்கு மாறினதும் தடுமாறுது. ஆக நிரல் கெட்டுப்போகல, கம்ப்யூட்டரும் கெட்டுப்போகல, ஒண்ணுக்கொண்ணு சேரல அவ்வளவுதான். இதுக்கு நம்மகிட்ட சொல்லு இருக்கு, மருந்து நல்ல மருந்தாவே இருந்தாலும் "எனக்கு ஒவ்வல"ன்னு சொல்றோம்ல, அந்த ஒவ்வுதான். "இந்தப் பதிப்புக்கு ஒவ்வாது", "ஒவ்வும் திரைக்காப்புகளை மட்டும் காட்டு" — மாமாகிட்ட இத வாசிச்சுக் காட்டினேன், "அப்ப வேற கடிகாரம் பாத்துப் போடு"ன்னு அடுத்த நொடியே சொல்லிட்டாரு. ஒவ்வாமைங்கற பெயர்ச்சொல்ல அலர்ஜிக்கே விட்டுடலாம், நமக்கு வினை மட்டும் போதும். முடிஞ்சா காரணத்தையும் சேத்துக் காட்டணும், "16 பிட் நிரல், இந்தப் பதிப்புக்கு ஒவ்வாது"ன்னு வந்தா என்ன தேடணும்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும்.

கம்பாட்டிபிலிட்டி மோடுதான் இன்னும் சரியா அமையல. ஒவ்வுநிலைன்னு எழுதிப் பாத்தேன், மெனுவுல வச்சுப் படிச்சா ஒண்ணும் புரியல. அது பழைய பதிப்பு மாதிரி நடந்து காட்டற வேலைங்கறதால "பழம்பதிப்பு முறை"ன்னு வைக்கலாமா? மொழிபெயர்ப்புக் கோப்புல இந்த ஒரு வரிய மட்டும் காலியா விட்டிருக்கேன், பாத்துச் சொல்லுங்க.