கிரெடிட் கார்டு கடனுக்கு ரிட் சமன் வந்திருக்கு, லோயர் இல்லாமல் பதில் போடுவது எப்படி?

சிப்புட்_பையன்:
வணக்கம். சித்தப்பா சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். நவம்பர் 4ஆம் தேதி ஏஆர் ரெஜிஸ்டரில் (பெற்றதற்குக் கையெழுத்து வாங்கும் பதிவுத் தபால்) மஜிஸ்திரேட் கோர்ட் ரிட் சமன் (கேஸ் போட்டிருப்பதாகச் சொல்லும் கோர்ட் அழைப்பாணை) கிடைத்தது, பெர்னியாத்தாஆன் துந்துத்தானும் (என்ன கேட்கிறார்கள் என்ற கோரிக்கை அறிக்கை) கூடவே இருக்கிறது. கேட்பது 18,640 வெள்ளி (ரிங்கிட்). கேஸ் போட்டது பேங்க் இல்லை, கடனை வாங்கிய கம்பெனி. வசூல்காரர் போனில் “50 வெள்ளி மட்டும் கட்டுங்க, கேஸை நிறுத்திடுறோம்” என்கிறார். கட்டலாமா? லோயர் வைக்க வசதி இல்லை.

தோட்டத்து_மணி:
தம்பி, அந்த 50 வெள்ளியை இப்போது கட்டவே வேண்டாம். மலேசியாவின் 1953 கால வரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்குக் கேஸ் போட 6 வருஷம்தான் கணக்கு. நடுவில் ஒரு வெள்ளி கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்த 6 வருஷம் புதிதாக ஓட ஆரம்பித்துவிடும். போனில் சொன்ன வாக்கு கேஸை நிறுத்தாது, கோர்ட்டில் பதிவானால்தான் நிற்கும்.

நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிட் கிடைத்த நாளை விட்டுவிட்டு 14 நாள், அதாவது நவம்பர் 18க்குள் மெமொராண்டம் கெஹாடிரான் (கேஸை எதிர்க்க வருகிறேன் என்று சொல்லும் தாள்) பதிய வேண்டும். பெம்பெலாஆனுக்கு (எதிர்வாதப் பதில்) அதிலிருந்து இன்னும் 14 நாள், டிசம்பர் 2. சனி ஞாயிறும் இதில் அடக்கம். எந்த ஊர் கோர்ட் என்று ரிட்டின் தலைப்பில் பாருங்கள், அங்கேதான் பதிய வேண்டும். நாள் தவறினால் விசாரணையே இல்லாமல் பெங்ஹாகிமான் இங்கார் (பதில் போடாததால் தரும் தீர்ப்பு) வந்துவிடும். நிறைய பேர் தோற்பது இங்கேதான், கடனில் இல்லை.

பெம்பெலாஆனை மலாயில் எழுத வேண்டும். அவர்கள் பத்தி போட்டது போலவே நீங்களும் பத்திக்குப் பத்தி பதில் சொல்லுங்கள்: பெரெங்கான் (பத்தி) 1 ஒப்புக்கொள்ளப்படுகிறது, பெரெங்கான் 5 டினாஃபிகான் (மறுக்கப்படுகிறது), ஏனென்றால் இன்ன காரணம். பதில் சொல்லாமல் விட்ட பத்தியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். மொத்தமாக “எல்லாம் பொய்” என்று எழுதினாலும் செல்லாது. கடைசியாகப் பணம் கட்டி எவ்வளவு நாளாச்சு?

சிப்புட்_பையன்:
7 வருஷத்துக்கு மேல் இருக்கும் அண்ணா. ரசீது எதுவும் இல்லை.

கணக்கு_அக்கா:
அப்படியென்றால் அக்தா ஹாட் மாசா 1953 (மணி சொன்ன கால வரம்புச் சட்டம்), செக்‌ஷன் 6 என்று பெம்பெலாஆனிலேயே எழுதணும். எழுதாவிட்டால் கோர்ட் தானாக எடுத்துப் பார்க்காது. 6 வருஷம் எந்த நாளில் தொடங்கியது என்பதில்தான் அவங்க லோயர் மல்லுக்கட்டுவார். அதனால் பேங்க்கில் பழைய ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்குங்க, கடைசியாகக் கட்டிய தேதி அதில் இருக்கும்.

கடனை வாங்கிய கம்பெனி என்பதால் இன்னொன்றும் பாருங்க. 1956 சிவில் சட்டம், செக்‌ஷன் 4(3)படி கடன் கைமாறியதை எழுத்தில் சித்தப்பாவுக்குத் தெரிவித்திருக்கணும். அந்தக் கடிதம் வரவில்லை என்றால் அந்தப் பத்தியை மறுத்து, ஆதாரம் கேளுங்க.

தொகையையும் சும்மா விடாதீங்க. பேங்க் நெகாரா (மத்திய வங்கி) விதிப்படி கார்டு வட்டி வருஷத்துக்கு 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாமதக் கட்டணம் 10 வெள்ளி அல்லது பாக்கியில் 1 விழுக்காடு, எது அதிகமோ அது, ஆனால் 100 வெள்ளிக்கு மேல் போகாது. “கணக்கு தப்பு” என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் பாக்கி இவ்வளவு என்று பேங்க் தரும் கடன் சான்றிதழே முடிவானது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். எந்த மாதம், எந்த வரி, எத்தனை வெள்ளி கூடுதல் என்று காட்டணும்.

தோட்டத்து_மணி:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெம்பெலாஆன் போட்டதும் அவர்கள் விசாரணை இல்லாமல் சுருக்கத் தீர்ப்பு கேட்டு அஃபிடவிட் (சத்தியப் பிரமாணத் தாள்) அனுப்பலாம். “பெம்பெலாஆன்தான் போட்டாச்சே” என்று இருந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் பதில் அஃபிடவிட், பெசுருஜயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன் கையெழுத்திட்டு, ரசீதெல்லாம் இணைத்து.

ரவாங்_வாசகி:
18,640 வெள்ளிக்கு திவால் ஆக்க முடியாது, எல்லை 100,000 வெள்ளி. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் தொட முடியாது. ஆனால் தோற்றுப் போய், பிறகு வருமானத்தை விசாரிக்க சமன் வந்தால் கட்டாயம் போகணும், போகாவிட்டால் வாரண்ட் வரலாம்.

சித்தப்பாவுக்கு மலாய் சரளமாக வராது என்றால் தமிழ் ஜுருபாசா (மொழிபெயர்ப்பாளர்) வேண்டுமென்று கோர்ட் கவுன்டரில் முன்னாடியே சொல்லி வையுங்கள். பதிகிற ஒவ்வொரு தாளிலும் கோர்ட் சாப் (முத்திரை) குத்திய பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னொன்றை அவர்கள் லோயர் ஆபீசுக்கு ஏஆர் போஸ்ட்டில் அனுப்புங்கள். அந்த ஏஆர் கார்டு திரும்பி வரும்போது பத்திரப்படுத்துங்கள்.