பேட் சூப்பர்பிளாக் பிழை: 4 டிபி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். மின்வெட்டுக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவின் உபுண்டு சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்ற பட்டியல்) டேட்டா டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் (டிஸ்க் வராவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்பது) சேர்த்ததும் சர்வர் எழுந்தது. அந்த 4 டிபி டிஸ்க் மட்டும் மவுண்ட் ஆகவில்லை. ‘பேட் சூப்பர்பிளாக்’ என்கிறது, அதாவது ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பிளாக்கைப் படிக்க முடியவில்லை. டிஸ்க்கும் பார்ட்டிஷனும் தெரிகின்றன, ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடி வரவில்லை. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் அறிக்கை) பெண்டிங் செக்டர்கள், அதாவது படிக்கச் சிக்கலான இடங்கள், கூடிக்கொண்டே போகின்றன, அதுதான் பயமாக இருக்கிறது.

இந்த டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இல் பிளாக் அளவு 4 கேபி என்றால் சூப்பர்பிளாக்கின் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். அதைக் கொடுத்து உடனே எஃப்எஸ்செக் (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துப் பழுது பார்க்கும் கருவி) ஓட்டு என்கிறார்கள் சிலர். பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுத வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் கருவியான டிடிரெஸ்கியூவால் புது டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்து, அப்புறம் அந்த நகலில்தான் கை வைக்கலாம் என்றிருக்கிறேன்.

என் சந்தேகம் இதுதான்: நகலை ரீட் ஒன்லியாக, எஸ்பி=131072 என்று கொடுத்து (சூப்பர்பிளாக்கின் இடத்தை இங்கே 1 கேபி கணக்கில் சொல்ல வேண்டும், அதனால் 32768 × 4) மவுண்ட் செய்தாலே ஃபைல்களை எடுத்துவிட முடியுமா, இல்லை எஃப்எஸ்செக் கட்டாயம் தேவையா? இன்னும் ஆல்பம் போடாத கல்யாணப் படங்கள் அதில் இருக்கின்றன. இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பதில் வரும்வரை டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கிறேன்.