புது டப்பா பெல்லட் போட்டதும் குரூப் சிதறுகிறது, சனிக்கிழமை போட்டி, உதவுங்கள்

ராஜாஜிநகர்_புதுசு:
வணக்கம். 10 மீட்டர் ஏர் ரைபிள். போன வாரம் வரை குண்டுகள் (பெல்லட்) இலக்கில் ஒரே கூட்டமாக (குரூப்) விழுந்து, ஷாட்டுக்கு 10.2, 10.4 புள்ளி என்று போய்க்கொண்டிருந்தது. புது பெல்லட் டப்பா திறந்ததிலிருந்து 9.3, 8.9, நடுவில் ஒரு 7.8. சனிக்கிழமை கிளப் போட்டி வேறு. எந்த பெல்லட் நல்லது? செம்பு பூசியது வாங்கலாமா, அது இன்னும் துல்லியம் என்கிறார்களே? பெங்களூரில் உடனே எங்கே கிடைக்கும் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஒசூர்க்காரன்:
ரைபிள் ஸ்பிரிங்கா, பிசிபியா (காற்றை முன்பே சிலிண்டரில் நிரப்பி வைப்பது)? பழைய டப்பா என்ன, புதுசு என்ன? எடை? ஹெட் சைஸ் (பெல்லட் தலையின் விட்டம்)? காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மாத்திரை கேட்டால் எப்படி.

பனசங்கரி_அண்ணாச்சி:
சிலிண்டரில் காற்று எவ்வளவு தம்பி? நிரப்பும்போது 200 பார் இருக்கும், முள் கீழே இறங்கியதைப் பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் வேகம் விழும், குண்டும் கீழே விழும். பத்துக்கு எட்டு பேருக்கு இதுதான் வியாதி.

கோரமங்களா_குளிர்:
நீங்கள் சென்னையிலிருந்து வந்தவரா? பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. காற்று மெலிசு. குறி பார்க்கும் சைட்டைத் திருப்பிச் சரி செய்தீர்களா?

பத்துக்குப்பத்து:
வருஷா வருஷம் இதே கேள்வி, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. குளிர் சார், 10 மீட்டரில் உயரமாவது மெலிசாவது, போன வாரம் மட்டும் பெங்களூர் கடலோரத்திலா இருந்தது? விஷயம் ஹெட் சைஸ். 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வரும். ஒவ்வொரு பேரலுக்கும் பிடித்தது ஒன்று இருக்கும், அதை ரைபிளை கிளாம்பில் பூட்டி ஐந்து ஐந்தாக அடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையில் பிடித்து அடித்துவிட்டு பெல்லட்டைக் குறை சொல்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

ராஜாஜிநகர்_புதுசு:
பிசிபிதான், செகண்ட் ஹேண்ட், ஜெர்மன். காற்று முழுசாக இருக்கிறது. டப்பா ரேஞ்சு லாக்கரில், எடை கவனிக்கவில்லை. பழையதும் புதுசும் ஒரே பிராண்ட், ஒரே கலர் மூடி. கிளாம்ப் எங்கள் ரேஞ்சில் இல்லை.

கணக்கு_டீச்சர்:
ஒரே கலர் மூடி என்றதும் சந்தேகம் வருகிறது. பல பிராண்டில் ரைபிளுக்கு 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதைவிட லேசாக 0.45 அல்லது 0.49 என்று வரும், டப்பாவைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 0.53 கிராம் வினாடிக்கு 170 மீட்டரில் போகிறது என்று வையுங்கள். 10 மீட்டருக்குள் சுமார் 17 மி.மீ. கீழே இறங்கும். அதே சக்தியில் 0.45 வைத்தால் 185 மீட்டர் பக்கம், இறக்கம் 14 மி.மீ. சொச்சம். வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தானே, ஆக முழுக் குரூப்பும் ஒரு வளையம் மேலே ஏறும். எனவே முக்கியமான கேள்வி: எல்லாம் சேர்ந்தே மேலே போகிறதா, நாலா பக்கமும் சிதறுகிறதா? சேர்ந்தே போனால் எடை. சிதறினால் வேறு ஏதோ.

பனசங்கரி_அண்ணாச்சி:
டீச்சர் சொன்னது சரி. சிதறினால் தோளில் அணைக்கும் ஸ்டாக்கையும், பேரல் பூட்டிய ஆக்‌ஷனையும் இணைக்கும் ஸ்க்ரூவைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி, ஆலன் கீயை வைத்ததும் கால் சுற்று இலேசாகச் சுற்றும், அதுதான் கதை. அப்புறம் டப்பா கீழே விழுந்ததா? பெல்லட்டின் பின்பக்க ஓரம் காகிதம் மாதிரி மெலிசு, நசுங்கினால் நேராகப் போகாது. வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள், கோணலாக உருள்வது தனியாகத் தெரியும்.

ஒசூர்க்காரன்:
செம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. வேண்டாம். செம்பு பூசி விற்கிற எஃகு பிபி உருண்டையைப் போட்டால் பேரலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் உள்வரி காலி. உலகத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதியும் ஈயம் அல்லது அதுபோன்ற மென்மையான பொருள் என்றுதான் சொல்கிறது.

டெக்ஸாஸ்_ரிட்டர்ன்:
செம்பைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவில் வேட்டைக்குத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புகிறவர்கள் முழுச்செம்புக் குண்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். 1989-லேயே பார்ன்ஸ் எக்ஸ் என்ற முழுச்செம்புக் குண்டு வந்தது, உடம்புக்குள் மலர்ந்தும் எடை குறையாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, காண்டர் கழுகுகள் ஈயம் தின்று செத்ததால்.

பத்துக்குப்பத்து:
கேட்டது காகித இலக்கு. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் எவன் சார் வேட்டைக்குப் போகிறான்? மேலும் ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பு 8.96. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகும், அது தள்ளாடாமல் போக பேரலின் உள்வரி முறுக்கு இன்னும் வேகமாக வேண்டும். உங்கள் டெக்ஸாஸ் ஆட்களுக்கே எல்லாத் துப்பாக்கியிலும் ஒத்துவராது.

டெக்ஸாஸ்_ரிட்டர்ன்:
அதற்குத்தானே எடை குறைந்த குண்டை எடுத்து வேகமாக விடுகிறார்கள்? நிரப்பிப் பார்த்தவன் சொல்கிறேன். புத்தகம் படித்துப் பேசாதீர்கள்.

பத்துக்குப்பத்து:
எந்த ரைபிள், எந்த முறுக்கு? சொல்லுங்கள் பார்ப்போம்.

பனசங்கரி_அண்ணாச்சி:
இரண்டு பேரும் தனியாகப் போய்ப் பேசுங்களேன். தம்பி, ஒரு விஷயம், பெல்லட் தொட்ட கையால் வடை எடுக்காதீர்கள். எங்கள் ரேஞ்சு வாசலில் டீக்கடை, பசங்க நேராக அங்கேதான் ஓடுகிறார்கள். சோப்பு போட்டுக் கழுவணும்.

கணக்கு_டீச்சர்:
புதுசு, சிதறலா ஏற்றமா? இன்னும் சொல்லவில்லை.

ராஜாஜிநகர்_புதுசு:
மன்னிக்கவும், சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டி இப்போதுதான் பார்த்தேன். டப்பாவில் 0.45 என்றுதான் போட்டிருக்கிறது, கடையில் 0.53 என்று சொல்லித்தான் கேட்டேன். ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தது, அண்ணாச்சி சொன்ன மாதிரியே கால் சுற்று. நண்பனிடம் 0.53 வாங்கி, ஸ்க்ரூவையும் இறுக்கி அடித்தேன், 10.3 சராசரி. நன்றி எல்லாருக்கும்.

பத்துக்குப்பத்து:
இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? இறுக்கிய ஸ்க்ரூவோடு அந்தப் புது டப்பா 0.45-ஐ ஐந்து ஷாட் அடித்துப் பாருங்கள்.

கணக்கு_டீச்சர்:
ஆமாம், அதைச் செய்து பாருங்கள். ஒரு வளையம் சேர்ந்தே மேலே போனால் என் கணக்கு சரி.

ஒசூர்க்காரன்:
சனிக்கிழமை முடிந்து நாலு நாள் ஆச்சு. ஆள் ஜெயித்தாரா?