கீரைக்கென்று ஒரு மருந்தும் இல்லையா?

செங்குன்றம் கீரைக்காரி:
வணக்கம். செங்குன்றம் தாண்டி அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் அரைக்கீரையும் சிறுகீரையும் போடுகிறேன். விடிவதற்குள் கட்டு கட்டி கோயம்பேட்டுக்கு வண்டி ஏற்றிவிட வேண்டும். பத்து நாளாக இலை பிணைக்கும் புழு. இரண்டு இலையை வெள்ளை நூலால் ஒட்டி வைத்திருக்கிறது. பிரித்தால் உள்ளே பச்சைப் புழு நெளிகிறது, இலை சல்லடை. கட்டின் மேலே அப்படி ஓர் இலை தெரிந்தால் போதும், பாதி விலைதான்.

பூச்சிமருந்துக் கடையில் எமாமெக்டின் பென்சோயேட் என்ற புழு மருந்தைக் கொடுத்தார்கள். கூட மடித்து வைத்திருந்த தாளை மகன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். பருத்தி இருக்கிறது, வெண்டை இருக்கிறது, முட்டைக்கோஸ் இருக்கிறது. கீரை இல்லை. திரும்பப் போய்க் கேட்டால், "எல்லாரும் இதத்தான்மா அடிக்கிறாங்க, ரெண்டு நாள் விட்டு அறுங்க" என்கிறார். அந்த இரண்டு நாள் எங்கே எழுதியிருக்கிறது என்றேன். சிரித்தார். சாப்பிடுகிற இலை மேலேயே அடிக்கிறோம், அதற்கென்று ஒரு மருந்து கிடையாதா?

பழைய மருந்துக்கடை:
தங்கச்சி, நானும் இருபது வருடம் கடை வைத்திருந்தவன். அந்தச் சிரிப்பை நானும் சிரித்திருக்கிறேன், மன்னிக்கணும்.

விஷயம் கணக்குதான். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மருந்தைப் பதிவு செய்யாமல் விற்க முடியாது. எந்தப் பயிருக்கு என்று லேபிளில் போட, அந்தப் பயிரிலேயே வயல் சோதனை செய்து, புழு சாகிறதா, எச்ச நஞ்சு எவ்வளவு தங்குகிறது என்று காட்ட வேண்டும். அதற்குச் செலவு செய்கிற கம்பெனி நெல்லையும் பருத்தியையும்தான் பார்க்கும். அரை ஏக்கர் கீரையில் என்ன விற்றுவிடப் போகிறார்கள்? அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். அங்கே 1963-லிருந்து ஐஆர்-4 என்ற திட்டம், அரசுப் பணத்தில், சிறு பயிர்களுக்கான அந்தச் சோதனைகளைச் செய்து கொடுக்கிறது.

அம்பத்தூர் மாடித்தோட்டம்:
வெண்டைக்கு அடிக்கிறதையே பாதி அளவாக அடித்தால் போச்சு. இதற்கு இவ்வளவு யோசனையா?

திருவள்ளூர் விவசாயப் பட்டதாரி:
மாடித்தோட்டம் சார், வேண்டாம். எமாமெக்டின் அடித்த பிறகு அறுவடைக்கு வெண்டையில் 5 நாள், பருத்தியில் 10 நாள் காத்திருக்க வேண்டும். பயிருக்குப் பயிர் மாறுவதைப் பாருங்கள். கீரை முழுக்க இலை. எடை கம்மி, பரப்பு அதிகம், அதனால் கிராமுக்குத் தங்குகிற மருந்தும் அதிகம். எச்ச நஞ்சுக்குத் தனியாக வரம்பு வைக்காத பயிருக்கு உணவுப் பாதுகாப்பு விதி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. பாதி அளவு அடித்தால் புழுவும் பாதி பிழைத்துப் பழகிவிடும்.

அக்கா, 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்குங்கள். இலையில் ஒட்ட கொஞ்சம் காதி சோப்பு. வெயில் பட்டால் வீரியம் போய்விடும், சாயங்காலம் அடியுங்கள். ஆனால் நூல் கட்டி உள்ளே போன புழுவுக்கு எட்டாது. அந்த இலைகளை முதலில் கிள்ளி அழித்துவிடுங்கள். விதையையும் நெருக்கித் தூவாதீர்கள். பிணைத்த இலை நாலை எடுத்துக்கொண்டு திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பத்துப் பேராகப் போய் "கீரைக்குச் சோதனை போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

செங்குன்றம் கீரைக்காரி:
நன்றி தம்பி. டப்பாவைப் பிரிக்காததால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், முனகிக்கொண்டே. நேற்று முழுக்க மாமியாரும் நானும் வேப்பம்பருப்பு இடித்தோம், கையெல்லாம் கசப்பு, சோறு இறங்கவில்லை. இன்று சாயங்காலம் அடிக்கிறேன். எழுதிக் கொடுக்க எங்கள் பக்கம் ஆறு பேர் தயார். கொத்தமல்லி போடுகிறவர்களும் வரலாமா? அவர்கள் டப்பாவிலும் இதே கதையாம்.