படிப்பு முடிந்து சிங்கப்பூர் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: சபை தேடுவது பற்றி

ஸ்தோத்திரம். நாகர்கோவிலில் பொறியியல் முடித்துவிட்டு எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் இங்கே வந்து 9 வருடம் ஆகிறது. கல்லூரியில் நாலு வருடமும் ஜெபக்குழுவில் இருந்தவன் நான். விடுதி மொட்டைமாடியில் தினமும் ஜெபம், லீவு விட்டால் முகாம். இங்கே வந்த மூன்றாவது மாதம் வேதாகமம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. விசுவாசமே போய்விட்டதோ என்று பயந்தேன். போகவில்லை. அதுவரை என்னைத் தட்டி எழுப்ப அறைத்தோழன் இருந்தான், இங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஊர்ச் சபை ஆராதனையை யூடியூபில் பார்த்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஊரில் எட்டரை மணி ஆராதனை, இங்கே பதினொன்று, வசதியாகத்தான் இருந்தது. ஆனால் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது என்னைத் தேட இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

தமிழ்ச் சபைகளுக்கு இங்கே குறைவில்லை. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை, டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம். கத்தோலிக்கர்களுக்கு ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே எழும்பியது. பிழைக்க வந்த நம் ஆட்கள் அன்றைக்கே கூடி ஜெபிக்க ஓர் இடம் தேடியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

நான் முதலில் போன சபையில் இரண்டு மாதம் யாரும் பேசவில்லை. மனது வலித்தது, விட்டுவிட்டேன். அடுத்த சபையில் ஒரு பெரியவர், "தம்பி, தமிழ் நல்லா வாசிக்கிறீங்களே, ஓய்வுநாள் பள்ளிக்கு வாங்க" என்றார். இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். எனக்கு மூச்சுவிடுவது மாதிரி வருகிற தமிழ், அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீடுகள்தான் அப்புறம் எனக்கு வீடானது. அதனால் சபை சபையாக மாறிக்கொண்டிருக்காமல் ஒரே இடத்தில் ஒரு வருடமாவது இருங்கள். பாய் விரிப்பதோ பாத்திரம் கழுவுவதோ, ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது பலரும் வெளியே சொல்லாதது. முகாமில் முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று கை தூக்கியவர்கள் நம்மில் உண்டு. அப்பாவின் கடன், தங்கையின் கல்யாணம் என்று சம்பளத்துக்கு வந்துவிட்டோம். ஆண்டவரை ஏமாற்றிவிட்டோமே என்று ராத்திரி தூக்கம் வராது. நான் அழுதிருக்கிறேன். அப்போது அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் ரோம ராயனுடைய கட்டளையால் ரோமாபுரியை விட்டு கொரிந்துவுக்கு வந்தவர்கள். கூடாரம் பண்ணுவது அவர்கள் தொழில், பவுலுக்கும் அதே தொழில். அவர்களோடேயே தங்கி வேலை செய்தான். ஊர் விட்டு வந்த தொழிலாளியின் வீட்டில் தங்கித்தான் பவுல் கொரிந்துவில் ஊழியத்தைத் தொடங்கினான்! சைட்டில் பாதுகாப்புப் பட்டியலில் பொய்க் கையெழுத்துப் போட மறுப்பது, ஊருக்குப் பேச முடியாமல் தவிக்கிற பங்களாதேஷ் அண்ணனுக்கு உட்கார்ந்து காது கொடுப்பது, கடனை ஒழுங்காக அடைப்பது, இதெல்லாம் ஊழியத்துக்குக் குறைந்ததில்லை என்று அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. அழைப்பு முழுநேர ஊழியத்துக்குத்தான் என்றால் அதற்கும் வேளை வரும். அதுவரை இன்றைய ஷிப்டை அவர் முன்னால் செய்யுங்கள்.

ஞாயிறு டியூட்டி உள்ளவர்கள் மேற்பார்வையாளரிடம் மாதம் இரண்டு ஞாயிறாவது கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வாரநாளில் கூடும் வீட்டு ஜெபக்குழு எந்தச் சபையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

தனியாகப் போகத் தயக்கம் என்றால் இங்கேயே எழுதுங்கள். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஆராதனை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்.