பெரிய வீடு குழு: ஞாயிறு சீர் வண்டி

வியாழன்

குமார்: ஞாயிறு சீர் ஏற்றுகிற வண்டி மக்கர் பண்ணுகிறது. சமதரையில் பறக்கிறது. தக்காளி லோடோடு வடகாடு மேடு ஏறும்போது மட்டும் மூன்றாவது கியரில் மிதித்தால் ஒரு முக்கு முக்கிவிட்டுத் தளர்ந்துவிடுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் கொஞ்சம் இழுக்கிறது, திரும்பவும் அதே கதை. சித்தப்பா, என்னவென்று சொல்லுங்கள்

பிரபு (திருப்பூர்): 2009 மாடல் அண்ணா. பென்ஷன் கொடுத்து அனுப்பு

குமார்: உன்னைக் கேட்கவில்லை

செல்வி அத்தை: அதே வண்டியா

குமார்: ஆமாம் அத்தை

செல்வி அத்தை: என் மகள் சடங்குக்குச் சீர் கொண்டு வந்த அதே வண்டியா

பிரபு (திருப்பூர்): போச்சு 😂

செல்வி அத்தை: பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வந்து இறங்கினீர்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை

பிரபு (திருப்பூர்): அன்றைக்குப் பேசவில்லை, உண்மைதான்

கவிதா (பாச்சலூர்): அண்ணா, ஞாயிறு 12 மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் பிள்ளைக்குக் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படி? மாமியார் இப்போதே கேட்கிறார்

லிங்கம் சித்தப்பா: குமார், பதறாதே. முதலில் புகையைச் சொல். முக்கும்போது பின்னால் கரும்புகையா, வெள்ளையா, புகையே இல்லையா? கரும்புகை என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் டர்போ ஓஸ் கிழிந்திருக்கும். புகையே இல்லாமல் மூச்சு வாங்கினால் டீசலே போய்ச் சேரவில்லை. டெப்போவில் புதுப் பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். ஸ்பேனரை எடுக்கும் முன் பின்னால் போய் நில் என்பேன்

குமார்: லோடுமேன் பின்னால் உட்கார்ந்திருந்தான். புகை இல்லையாம்

குமார்: மெக்கானிக் ஒருவர் பம்ப், நாசில் எல்லாம் கழற்றணும் என்கிறார். 25,000, நாலு நாள்

லிங்கம் சித்தப்பா: கழற்ற விடாதே!! பம்ப் தேய்ந்திருந்தால் தரையிலும் இழுவை குறையும், இன்ஜின் சூடான பிறகு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். உனக்கு அது இல்லையே. தரையில் ஓடக் கொஞ்சம் டீசல் போதும், அடைப்பு இருந்தாலும் தெரியாது. மேட்டில் லோடோடு ஏறும்போதுதான் நிறையக் கேட்கும், அங்கே குட்டு உடைந்துவிடும். ஆகவே செலவு குறைந்ததில் இருந்து பார்த்துக்கொண்டு வா. டீசல் ஃபில்டர் எப்போது மாற்றினாய்?

குமார்: தீபாவளிக்கு

லிங்கம் சித்தப்பா: எந்தத் தீபாவளி

குமார்: பார்த்துச் சொல்கிறேன்

அம்மா: 🎤 குரல் செய்தி 1:48

கவிதா (பாச்சலூர்): அம்மா, கோழி கத்துவது மட்டும்தான் கேட்கிறது

அம்மா: தட்டு 21 போதுமா

செல்வி அத்தை: எனக்கு 11 வந்தது

அம்மா: அப்போது இருந்த நிலைமை அண்ணிக்குத் தெரியாதா

செல்வி அத்தை: தெரியும். எண்ணிக்கையைத்தான் சொன்னேன்

கவிதா (பாச்சலூர்): அத்தை, நீங்கள் முன்தினமே வந்துவிடுங்கள், குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் 🙏

லிங்கம் சித்தப்பா: எல்லோரும் கொஞ்சம் சும்மா இருங்கள். குமார், ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். காலையில் வண்டியை அசைக்கும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்துத் திருகைத் தளர்த்து. டீசலைவிடத் தண்ணீர் கனம், கீழேதான் தங்கும், அதனால் முதலில் அதுதான் வரும். பாட்டிலைப் பத்து நிமிடம் ஆடாமல் வைத்தால் இரண்டும் பிரிந்து நடுவில் கோடு தெரியும். அடுத்து ஃபில்டருக்கு வரும் ஓஸைக் கையால் வளைத்துப் பார், வெடிப்பு இருந்தால் காற்று இழுக்கும். அப்படி ஏர் எடுத்தால் ராத்திரி நின்ற வண்டி காலையில் கையால் பம்ப் அடித்தால்தான் கிளம்பும். டேங்க் அடியில் இருக்கும் சல்லடையில் துரு கட்டியிருக்கலாம். டேங்க் மூடியையும் பார்

பிரபு (திருப்பூர்): அப்பா, இதை ஆடியோவாகப் போட்டிருக்கலாம்

லிங்கம் சித்தப்பா: உனக்காக எழுதவில்லை

வெள்ளி

குமார்: 📷 புகைப்படம்

குமார்: சித்தப்பா, அடியில் ரெண்டு விரல் தண்ணீர்

பிரபு (திருப்பூர்): நன்னாரி சர்பத் மாதிரி இருக்கிறது

லிங்கம் சித்தப்பா: இவ்வளவா? டீசல் எங்கே போடுகிறாய்?

குமார்: எப்போதும் போடுகிற இடம்தான். மழைக்கு வண்டி வெளியில் நின்றது

லிங்கம் சித்தப்பா: மழைத் தண்ணீர் டேங்குக்குள் எப்படிப் போகும்? மூடியைப் படம் எடுத்துப் போடு

குமார்: 📷 புகைப்படம்

லிங்கம் சித்தப்பா: இது என்ன

குமார்: பிவிசி எண்டு கேப். உள்ளே சுற்றிப் பாலித்தீன் பை, மேலே சைக்கிள் டியூப் கட்டு

லிங்கம் சித்தப்பா: பழைய மூடி எங்கே

குமார்: உங்கள் மகனைக் கேளுங்கள். பொங்கலுக்கு வீடு காலி பண்ண எடுத்துப் போனான்

*பிரபு (திருப்பூர்) இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

செல்வி அத்தை: நான் படித்துவிட்டேன்

பிரபு (திருப்பூர்): டீசல் போடும்போது எங்கேயோ வைத்துவிட்டேன். காற்றுகூடப் புகாதபடி கட்டித்தான் கொடுத்தேன்

லிங்கம் சித்தப்பா: காற்று புக வேண்டும்டா! டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தால்தான் ஃபீட் பம்ப் மேலே உறிஞ்ச முடியும். நல்ல மூடியில் அதற்கென்று சின்னத் துளை இருக்கும். நீ அதை அடைத்துவிட்டாய். மழைத் தண்ணீருக்கு மட்டும் உன் பாலித்தீனில் வழி இருந்திருக்கிறது. குமார், லோடு ஏறிய பிறகு எப்போதாவது மூடியைத் திறந்தாயா?

குமார்: ஆமாம், போன வாரம். புஸ்ஸென்று ஒரு சத்தம். சூடு என்று நினைத்தேன்

லிங்கம் சித்தப்பா: சூடு இல்லை, உள்ளே இழுத்த சத்தம். மூடியைத் தளர்த்திவிட்டு அதே மேட்டில் ஏற்றிப் பார்

அம்மா: கடா சொல்லியாச்சா

கவிதா (பாச்சலூர்): அம்மா, சைவம் என்று முடிவானது

அம்மா: யார் முடிவு பண்ணினது

பிரபு (திருப்பூர்): 😮

குமார்: ஏற்றிப் பார்த்தேன். 20 மூட்டை மாட்டுத்தீவனம். மூடி தளர்ந்திருந்ததால் முக்கால்வாசி சரி. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை முக்கியது

லிங்கம் சித்தப்பா: அது ஃபில்டர். தண்ணீர் குடித்த ஃபில்டர் விடாது. புதுசு மாட்டு, மாட்டியபின் அந்தக் கைப் பம்பை அடித்து உள்ளே இருக்கும் ஏரை வெளியேற்று. மூடி ஒரிஜினல் வாங்கு. அப்புறமும் முக்கினால் சல்லடை. நாளை சாயங்காலம் நானே வருகிறேன். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொல்லாதே

செல்வி அத்தை: அப்போது நாங்கள் பதினைந்து பேர் பின்னாலேயே உட்கார்ந்து வந்துவிடுகிறோம்

லிங்கம் சித்தப்பா: சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது அக்கா. பிடித்தால் கேஸ். எஃப்சி, வண்டித் தகுதிச் சான்று, வேறு அடுத்த மாதம் பார்க்க வேண்டும்

செல்வி அத்தை: சடங்குக்கு மட்டும் பின்னால் அத்தனை பேர் நின்று வந்தார்கள்

கவிதா (பாச்சலூர்): அண்ணா, எதற்கும் ஒரு வாடகை வண்டி சொல்லி வைக்கட்டுமா? இவர் கேட்கச் சொன்னார்

குமார்: மாமன் சீர் வாடகை வண்டியிலா? வேண்டாம்

அம்மா: சொல்லி வை கவிதா

குமார்: அம்மா

பிரபு (திருப்பூர்): வாடகை நான் தருகிறேன். மூடிக்குப் பதிலாக

லிங்கம் சித்தப்பா: மூடியும் நீதான் வாங்குகிறாய்

குமார்: ஃபில்டர் வாங்கிவிட்டேன். மூடி கடையில் இல்லை, திண்டுக்கல்லில் இருந்து நாளை மதியம் வருமாம்

லிங்கம் சித்தப்பா: வராவிட்டால் அந்த எண்டு கேப்பில் ஊசியால் ஒரு துளை போட்டு மேலே துணி கட்டு. ஞாயிறு மட்டும் ஓடும். மழை வந்தால் மட்டும்தான் சிக்கல்

கவிதா (பாச்சலூர்): இங்கே இப்போது தூறுகிறது

செல்வி அத்தை: நான் எதில் வருவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை